வளைவில் தானே அடங்கும் பைக்

சாக்கடைக் கானுக்குள் கையை விட்டதும் முதலில் அகப்பட்டது, ஊறிக் கூழாகிப்போன ஒரு பருப்பு வடை. அதற்குப் பிறகுதான் பைக்கின் கைப்பிடி அகப்பட்டது. மேலே இருக்கும் சாப்பாட்டுக் கடை பாத்திரம் கழுவி ஊற்றுவது அந்த வீதியோரக் கானுக்குள்தான். சோற்றுக் கஞ்சி, மீன் செதில், பழைய எண்ணெய், யாரோ துப்பிய வெற்றிலை எல்லாம் சேர்ந்து பச்சையும் கறுப்புமாக ஒரு குழம்பு. அதற்குள் என் அப்பாவின் பைக் பக்கவாட்டில் படுத்துக் கிடந்தது. அப்பா வீதியில் நின்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. காற்சட்டை மட்டும் முழங்கால் வரை நாறியது.

இரண்டு முச்சக்கர வண்டிக்காரர்கள் இறங்கி ஒரு கை கொடுத்தார்கள். ஒருவர் ஒரு கையால் பைக்கையும் மறு கையால் மூக்கையும் பிடித்துக்கொண்டார். எனக்கு மூக்கைப் பிடிக்கக் கை இல்லை. வாந்தி வராமல் காப்பாற்றியது கோபம்தான். கோபம் வந்துவிட்டால் எனக்குக் குமட்டல் அடங்கிவிடும்.

"தனியா வந்தேன்ல, அதான் அடங்கல" என்றார் அப்பா.

இந்தப் பேச்சு வெளியாருக்கு விளங்காது. அப்பாவின் பைக் இங்கிலாந்தில் செய்தது, என்னைவிட வயது கூடியது. தேயிலைத் தோட்டத்து உதவி மேலாளரான ஒரு சின்னத்துரை, வேலையை விட்டுப் போகும்போது விற்றுவிட்டுப் போனது. இந்தக் காலத்துப் பைக்குகளில் பின் பிரேக் வலது காலுக்கு இருக்கும். இதில் இடது காலுக்கு. மிதியிலிருந்து நீளமாக ஒரு கம்பி இடது பக்கத்தாலேயே பின்னுக்குப் போய், சக்கரத்து நடுவில் இருக்கும் பிரேக் டிரம்மின் கையை இழுக்கும். அவ்வளவுதான் அதன் சூத்திரம். ஆனால் அப்பாவைக் கேட்டால் அந்தப் பைக்குக்கு மூளை இருக்கிறது. "வெள்ளக்காரன் செஞ்ச சாமான். வளைவு வந்தா தானா அடங்கும்" என்பார். கல்யாண வீட்டில் சொல்வார், செத்த வீட்டில் சொல்வார், கோயிலில் சுண்டலுக்கு நிற்கும் வரிசையில் முன்பின் தெரியாதவரிடமும் சொல்வார். தனியாகப் போனால் மட்டும் அது அவ்வளவாக அடங்காதாம். ஏன் என்று கேட்டால், பின்னால் ஒரு ஆள் இருந்தால்தான் அதற்குப் பொறுப்பு வரும் என்பார். சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டுப் புளித்துப்போய், ஆம்பிளைகள் விடும் புளுகுக் கணக்கில் அதையும் சேர்த்துவிட்டிருந்தேன்.

அவர் தனியாக அதில் போவதும் அபூர்வம். மாநகர சபையில் எழுதுவினைஞராக வேலை பார்த்த காலமெல்லாம் பஸ்தான். பைக் எடுப்பது வெள்ளிக்கிழமைக் கோயிலுக்கும் நல்லது கெட்டதுக்கும். அப்போதெல்லாம் பின்னால் அம்மா இருப்பார், சேலை கட்டி, இரண்டு காலையும் இடது பக்கம் போட்டு. அன்று அம்மா இல்லை. சின்னம்மாவுக்குக் காய்ச்சல் என்று தெல்தெனியவுக்குப் போயிருந்தார். அப்பா தனியாகவே அம்பிட்டிய மேட்டிலிருந்து டவுனுக்கு இறங்கியிருக்கிறார். பலாமரத்து வளைவு வந்திருக்கிறது. பைக் அடங்கவில்லை.

வீட்டுக்கு வந்து இரண்டு தரம் சவுக்காரம் போட்டுக் குளித்தும் அந்த நாற்றம் நகக்கண்ணை விட்டுப் போகவில்லை. அதைவிட ஒரு நினைப்பு போகவில்லை. அம்மா பின்னால் இருந்திருந்தால்? இரண்டு காலும் ஒரு பக்கம், பிடித்துக்கொள்ள அப்பாவின் தோள் மட்டும், கான் இருப்பதும் அதே இடது பக்கம். பைக்கும் அப்பாவும் அம்மாவின் மேல்தான் விழுந்திருப்பார்கள். அன்றைக்கே சொல்லிவிட்டேன்: பிரேக்கை நான் ஒழுங்காகச் செய்யும் வரை அம்மா அதில் ஏறக் கூடாது. முடியாதென்றால் பைக் பழைய இரும்புக்குப் போகும். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை, அது போதும்.

பல்லேகலையில் ஒரு தொழிற்சாலையில் இயந்திர உதிரிப்பாகக் களஞ்சியம் என் பொறுப்பில் இருக்கிறது. ஸ்பேனர் பிடிப்பது எனக்குப் புதிதல்ல. ஒரு இடத்தில் போட வேண்டிய ஆணியை இன்னொரு இடத்தில் போட்டிருந்தால் எனக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்ட ஒருத்தி சனிக்கிழமை காலையில் வீட்டு முன்னால் பழைய பேப்பரை விரித்து, ஒரு தகர டப்பாவில் மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டு அந்தப் பைக்கின் முன்னால் உட்கார்ந்தேன். அப்பா கதிரையைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டு, பிளேன்டீயுடன் மேற்பார்வை பார்த்தார்.

அருவருப்பு என்றால் என்ன என்று அன்று தெரிந்துகொண்டேன். கான் அழுக்கு ஒன்றுமே இல்லை, அது ஒரு வாளித் தண்ணீரில் போய்விட்டது. அதற்குக் கீழே இருந்ததுதான் அழுக்கு. ஆயுத பூசைக்கு ஆயுத பூசை அப்பா பிரேக் நட்டுக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருக்கிறார். அதற்கு மேலே கிரீஸ், அதற்கு மேலே வீதிப் புழுதி, அதற்கு மேலே மறு வருடத்துச் சந்தனம். எதையும் யாரும் எப்போதும் துடைத்ததில்லை. கறுத்து, இறுகி, எண்ணெய் கக்கித் தொதல் அல்வா மாதிரி இருந்தது. கத்தியால் வெட்டினால் துண்டு துண்டாக வந்தது. ஒரு துண்டுக்குள் பூசைக்குச் சக்கரத்தடியில் நசுக்கிய தேசிக்காயின் தோல் இருந்தது. இன்னொன்றுக்குள் ஒரு பல்லி, தோலும் எலும்புமாக, வாலைச் சுருட்டிக்கொண்டு. அன்றிலிருந்து நான் தொதல் சாப்பிடுவதில்லை.

அதையெல்லாம் சுரண்டி எடுத்த பிறகு வந்தது அடுத்த அசிங்கம். மிதியையும் கம்பியையும் பிணைக்கும் இடத்தில் ஒரு முறையான ஊசி இருக்க வேண்டும். அங்கே தலை வெட்டிய பலகை ஆணி. அது கழன்று விழாமல் மாட்டியிருந்தது குடைக்கம்பித் துண்டு. வொஷர் இருக்க வேண்டிய இடத்தில் சோடா மூடியைத் தட்டையாக்கிப் போட்டிருந்தார்கள். மிதியைத் திரும்ப மேலே இழுக்கும் ஸ்பிரிங்கே இல்லை. அதற்குப் பதிலாகச் சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி முடிச்சுப் போட்டிருந்தார்கள். அது சூட்டில் உருகி விரலில் ஒட்டியது. இங்கே கைவேலை செய்யும் எல்லோருக்கும் பாஸ் என்று பெயர். ஒவ்வொரு அசிங்கத்துக்கும் பின்னால் ஒரு பாஸ் இருந்திருப்பார், ஒவ்வொரு பாஸுக்கும் அப்பா தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்திருப்பார்.

குடைக்கம்பியைத் தூக்கி அப்பாவின் கண்ணுக்கு முன்னால் காட்டினேன். "அந்த நேரத்துக்கு ஓடிச்சுதானே" என்றார். பல்லிகூட எனக்கு அவ்வளவு குமட்டவில்லை. ஓடிச்சுதானே, எரிஞ்சிச்சுதானே, ஒழுகலதானே என்று சொல்லிச் சொல்லித்தான் இந்த ஊரில் பாதிச் சாமான்கள் ஆளைக் கொல்லக் காத்திருக்கின்றன. முன் பிரேக்கைக் கேட்கவே வேண்டாம். அதைத் தொட்டால் ஆளைத் தூக்கித் தலைகுப்புற எறியும் என்பது அவர் நம்பிக்கை. அதனால் அதன் வடம் துருவேறி எப்போதோ செத்துப்போயிருந்தது. அதையும் மாற்ற வேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

கடைசியாக அந்த நீளக் கம்பியைக் கழற்றினேன். நேராக இருக்க வேண்டியது, அரிவாள் மாதிரி கீழ்நோக்கி வளைந்திருந்தது. கம்பி முழுக்கத் துரு. வளைந்த இடத்தில் மட்டும், மேல் பக்கத்தில், துருவின் அடையாளமே இல்லாமல் வெள்ளி போலப் பளபளத்தது. கானுக்குள் விழுந்ததில் எதிலோ அடிபட்டிருக்கும் என்று நினைத்தேன். எப்படியும் தூக்கி எறியப் போகிற கம்பி.

அந்த நேரத்தில்தான் அம்மா தெல்தெனிய பஸ்ஸில் வந்து இறங்கி, கையில் பையோடு படியேறி வந்தார். அப்பா விழுந்ததை நான் ஏற்கெனவே போனில் சொல்லியிருந்தேன். அம்மா அப்பாவைத் தலையிலிருந்து கால் வரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பைக்கை அல்ல, என் கையிலிருந்த கம்பியைப் பார்த்தார்.

"அந்தக் கம்பியையுமா மாத்தப் போற?"

"இத மாத்தாம வேற எத மாத்துறது?"

"அது கெடக்கட்டுமே" என்றார். இவ்வளவு வருடத்தில் அம்மா அந்தப் பைக்கைப் பற்றிச் சொன்ன முதல் அபிப்பிராயம் அதுதான். ஊரோடு சேர்ந்து அம்மாவும் 'ஓடிச்சுதானே' கட்சியில் சேர்ந்துவிட்டாரே என்று எரிச்சலோடு குனிந்துகொண்டேன்.

டவுனில் முதலில் ஏறிய பழைய சாமான் கடைக்காரர் என்னைப் பார்க்காமல் என் தோளுக்கு மேலால் பார்த்து, மாத்தயா வரவில்லையா, வீட்டு ஆம்பிளை எங்கே என்று சிங்களத்தில் கேட்டார். மாத்தயாவுக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது என்றேன். இந்த வயதுச் சாமானுக்கு உதிரிப்பாகம் இல்லை என்று முடித்துவிட்டார். அடுத்த கராஜில் இருந்த பாஸ் கம்பியை வாங்கிச் சீமெந்துத் தரையில் போட்டு, சுத்தியலால் இரண்டு அடி அடித்து, நேராகிவிட்டது, கொண்டுபோங்கள் என்றார். ஒருமுறை வளைந்து நிமிர்ந்த கம்பி அதே இடத்தில் மறுபடி வளையும் என்று நான் சொன்னது அவருக்கு வேடிக்கையாக இருந்தது. பக்கத்திலிருந்தவருக்கும் சொல்லிச் சிரித்தார். ஒரு உயிர் தொங்கும் கம்பி என்று இவர்களுக்கு உறைக்கவே இல்லை. அந்தச் சிரிப்புக்கு முன்னால் பதில் சொல்லக்கூட எனக்கு அருவருப்பாக இருந்தது.

கடைசியில் தொழிற்சாலையில் ஒருவர் சொல்லி, அலவத்துகொடையில் லேத் வைத்திருக்கும், எல்லோரும் நானா என்று கூப்பிடும் ஒரு முஸ்லிம் அண்ணனிடம் போனேன். நல்ல மனிதர், ஆனால் அவர் பட்டறைக்குள் நுழைய எனக்கு மனம் ஒப்பவில்லை. தரை முழுக்க எண்ணெய் ஊறிய இரும்புச் சுருள், மூலையில் பூனை ஒன்று தின்று போட்ட மீன் முள். நானா கம்பியை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தங்கச்சி, இது உழுந்து வளஞ்சது இல்ல. கால் பட்டுப் பட்டு வளஞ்சீக்கி. பாருங்கொ, மேல்பக்கம் மட்டும் தேஞ்சு பளபளன்டு ஈக்கி."

அப்பாவின் மிதி முன்னால் இருக்கிறது, அவர் கால் எப்படி நடுக்கம்பிக்கு வரும் என்று கேட்டேன். அது தனக்குத் தெரியாது என்றார். ஆனால் ஒன்று சொன்னார். நேராக இருக்கும் கம்பியை நடுவில் அமுக்கினால், பின்னால் இருக்கும் பிரேக் கை இழுபட்டுப் பிரேக் பிடிக்கும். அப்படியே அமுக்கி அமுக்கிக் கம்பி வளைந்துபோனால், முன்னால் மிதிக்கிறவரின் மிதி வளைவை நிமிர்த்துவதிலேயே பாதி இறங்கிவிடும், பிரேக் பிடிக்காது. பின்னால் உட்காருகிறவர் கால் வைக்கும் இடமாக இருக்கும் என்று நினைத்து, புதுக்கம்பியோடு ஒரு தகட்டையும் செய்து தருவதாகச் சொன்னார். கம்பிக்கு மேலே மூடிய மாதிரித் தகடு வந்துவிட்டால் காலும் படாது, சேலையும் மாட்டாது. நல்ல யோசனை என்று சந்தோஷப்பட்டேன். அம்மா கால் வைக்கும் கட்டை அந்தக் கம்பிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஏதோ தவறுதலாகக் கால் பட்டிருக்கும் என்பதற்கு மேல் என் புத்தி போகவில்லை.

புதுக்கம்பி, இரண்டு முனைக்கும் உரிய ஊசி, உண்மையான ஸ்பிரிங், உண்மையான வொஷர். எல்லாவற்றையும் கொண்டுவந்து பூட்டினேன். பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்திச் சுற்றிவிட்டு, நட்டை ஒவ்வொரு சுற்றாக இறுக்கி, மிதியில் கொஞ்சம் தொய்வு விட்டு, பிரேக்கின் உரசல் சத்தம் வருகிறதா என்று காதை வைத்துக் கேட்டேன். மிதித்தால் சக்கரம் கல் மாதிரி நின்றது. விட்டால் வழுக்கிக்கொண்டு சுற்றியது. அந்தப் பைக்கில் எனக்கு அருவருப்புத் தராத முதல் இடம் அது. தகட்டையும் பூட்டி, அப்பாவைக் கூப்பிட்டு மிதித்துப் பார்க்கச் சொன்னேன். மிதித்தார். "ம்" என்றார்.

வெள்ளிக்கிழமை வந்தது. அப்பா குளித்து விபூதி பூசி, பைக்கை உதைத்து இயக்கினார். அம்மா தேங்காயும் பூவும் கூடையோடு வந்து பின்னால் ஏறினார். காலைக் கட்டையில் வைக்காமல், குனிந்தும் பார்க்காமல், செருப்பு நுனியால் எதையோ தேடினார். செருப்பு தகட்டில் தட்டியது. இன்னொரு தரம் தேடினார், மறுபடியும் தட்டியது. அம்மா இறங்கிவிட்டார்.

"நான் வரல. நீங்க போயிட்டு வாங்க" என்றார் அப்பாவிடம். தலைச்சுற்று என்றார். அப்பா எரிச்சலோடு இயந்திரத்தை நிறுத்திவிட்டு வீதிக்கு இறங்கிப் பேப்பர் வாங்கப் போனார்.

நான் அம்மாவின் பின்னாலேயே சமையலறைக்குப் போனேன். இவ்வளவு அழுக்கை நக்காத குறையாகச் சுரண்டிச் செய்திருக்கிறேன், என்ன குறை கண்டீர்கள் என்று சத்தம் போட்டேன். அம்மா கூடையிலிருந்த பூவைத் தட்டில் எடுத்து வைத்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்.

"என் பிரேக்க நீ எடுத்துப்புட்டியே."

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு அம்மா சொல்லச் சொல்ல எல்லாமே விளங்கியது. பைக் வந்த புதிதில் ஒரு வளைவில் பயந்துபோய் அம்மா காலை ஊன்ற, கால் அந்தக் கம்பியில் பட்டிருக்கிறது. பைக் மெதுவானது. அடுத்த வளைவில் வேண்டுமென்றே அமுக்கிப் பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து கோயிலுக்கும் கல்யாணத்துக்கும், என்னை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கும், ஒவ்வொரு வளைவிலும் பிரேக் போட்டது அம்மாவின் செருப்பு. முன்னால் இருந்தவர் பைக்கின் குணம் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்திருக்கிறார். அம்மா அமுக்க அமுக்கக் கம்பி வளைந்திருக்கிறது. கம்பி வளைய வளைய அப்பாவின் மிதி பிடிக்காமல் போயிருக்கிறது. மிதி பிடிக்காமல் போகப் போக அம்மா இன்னும் அமுக்கியிருக்கிறார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பெருமைப் பேச்சையெல்லாம் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டு, வாய் திறக்காமல் சுண்டல் தின்ற அம்மாவை நினைத்தபோது பல்லியைப் பார்த்ததைவிட அதிகமாகக் குமட்டியது. ஏன் ஒரு நாளாவது சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் கோபப்பட்டு இன்னும் வேகமாகப் போவார் என்றார். இப்போது பிரேக் நன்றாக இருக்கிறது, அப்பா மிதித்தால் கல் மாதிரி நிற்கும், இனிமேல் உங்கள் கால் தேவையில்லை என்றேன்.

"மிதிச்சாத்தானே" என்றார் அம்மா.

அதை நான் நம்பவில்லை. நாற்பது வருட ஓட்டுக்காரர் வளைவில் பிரேக்கை மிதிக்க மாட்டாரா என்ன? அம்மாவின் பயத்தைத் தெளிவிப்பதற்காகவே, அப்பா பேப்பரோடு வந்ததும் ஒரு சுற்றுப் போய்ப் பார்ப்போம் என்று கூப்பிட்டேன். வேண்டுமென்றே அம்மா மாதிரி ஒரு பக்கமாகக் கால் போட்டு உட்கார்ந்தேன்.

அப்படி உட்கார்ந்தால் உலகம் எப்படித் தெரியும் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. வீதி தெரியாது, கான் மட்டும்தான் தெரியும். மேட்டிலிருந்து இறங்க இறங்கக் கான் என் முழங்காலுக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்தது. பைக் வேகம் பிடித்தது. பலாமரம் தெரிந்தது. நான் அப்பாவின் இடது காலைப் பார்த்தேன். அது மிதிக்குப் பக்கத்தில், கட்டையின் மேல், கோயில் மண்டபத்தில் சாய்ந்திருப்பவர் கால் மாதிரி சும்மா இருந்தது. மரம் நெருங்கியது. கால் அசையவில்லை. அவர் காத்துக்கொண்டிருந்தார். பைக் தானாக அடங்கும் என்று நிமிர்ந்து உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தார்.

என்னை அறியாமல் என் கால் கீழே போய் அமுக்கியது. நான் பூட்டிய தகடு, நன்றாகத்தான் பூட்டியிருந்தேன், இம்மியும் அசையவில்லை.

"அப்பா, மிதிங்க!"

திடுக்கிட்டு மிதித்தார். புதுப் பிரேக் பிடித்த பிடியில் பின் சக்கரம் இறுகி, பைக் இழுபட்டுப்போய்க் கானின் விளிம்பில் நின்றது. என் செருப்பு ஒன்று கழன்று கானுக்குள் விழுந்து, மெதுவாக அந்தக் குழம்புக்குள் இறங்கியது. அதே சோற்றுக் கஞ்சி நாற்றம்.

"நீ ஏன் கத்துன? அடங்கியிருக்கும்ல" என்றார் அப்பா. கைப்பிடியை இன்னும் இறுகப் பிடித்திருந்தார்.

எனக்கு அப்போது இரக்கம் வரவில்லை. இறங்கி, ஒற்றைச் செருப்போடு வீதியில் நின்று சொன்னேன். "அது ஒரு நாளும் தானா அடங்கினதில்லப்பா. அம்மாதான் பின்னாலருந்து காலால அமுக்கினாங்க."

அப்பா என்னைப் பார்க்கவில்லை. தகட்டைப் பார்த்தார். பிறகு மிதியைப் பார்த்தார். பைக்கைத் திருப்பி, என்னை ஏறச் சொல்லாமலே, மேட்டில் முதலாவது கியரில் ஏறிப் போய்விட்டார். நான் ஒரு காலில் செருப்பும் மறு காலில் வெற்றிலைத் துப்பலுமாக நடந்து வீடு வந்து சேர்ந்தேன்.

நான் வரும்போது அப்பா சமையலறை வாசலில் நின்றிருந்தார். "இவ என்னமோ சொல்றா. நீயா அமுக்கின?" என்று கேட்டார். அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை.

"நான் எங்கங்க அமுக்கினேன். பைக்கு நல்ல பைக்கு."

என் காதாலேயே கேட்டேன். இவ்வளவுக்குப் பிறகும் அந்தப் பொய். அப்பா திரும்பிப் போனார். நான் அம்மாவோடு அந்த வாரம் முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்பாவோடும் பேசவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து ஆடிய கூத்தில் அழுக்கு மட்டும் என் பங்குக்கு வந்திருக்கிறது என்று தோன்றியது. அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் பஸ்ஸில் போகட்டும், பைக்கை இரும்புக்காரன் கொண்டுபோகட்டும் என்று தீர்மானித்திருந்தேன்.

வெள்ளி காலையில் முகம் கழுவப் போனேன். சவுக்காரம் கறுத்துப்போயிருந்தது. வெள்ளைச் சவுக்காரம் முழுக்கக் கிரீஸும், கிரீஸில் பதிந்த விரல் ரேகையும். கிணற்றடித் துவாயிலும் ஐந்து கறுப்பு விரல். எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. என் கை அல்ல, அம்மாவின் கை பைக்குக்குப் போகாது. கேட்டுவிடுவது என்று அந்தச் சவுக்காரத்தைக் கையில் ஏந்திக்கொண்டே முன்பக்கம் போனேன்.

தகடு சுவரில் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. அதைப் பிடித்திருந்த போல்ட்டுகள் ஒரு பால்மாத் தகரப் பேணியின் மூடியில், துடைத்து, ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைக்கப்பட்டிருந்தன. இவ்வளவு வருடத்தில் அப்பா தன் கையால் ஒரு நட்டைக் கழற்றி நான் பார்த்ததில்லை. ஒரு போல்ட்டின் தலையைத் தவறான ஸ்பேனர் போட்டுச் சிதைத்தும் இருந்தார்.

அப்பா பைக்கின் மேல் உட்கார்ந்து, வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா கூடையோடு வந்து, சுவரில் சாத்தியிருந்த தகட்டை ஒருதரம் பார்த்தார். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னால் ஏறினார். செருப்பு நுனி கீழே போய்த் தேடியது. கம்பி கிடைத்தது. நானா போட்ட கம்பி தடிப்பானது, ஆனால் அம்மாவின் கால் அதையும் சில வருடத்தில் வளைத்துவிடும். மறுபடி மண்ணெண்ணெய் டப்பாவோடு உட்காரப் போகிறவள் நான்தான்.

அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. முன்னால் பார்த்தபடியே கேட்டார்.

"கால வச்சிட்டியா?"

அம்மா கூடையை மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டார்.

"வச்சிட்டேன்" என்றார்.

பைக் வாசல் படலையைத் தாண்டி மேட்டிலிருந்து இறங்கியது. நான் கறுத்த சவுக்காரத்தோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பலாமரத்து வளைவில் அது அடங்கி, மெதுவாகத் திரும்பியது. யாருடைய கால் என்று இங்கிருந்து தெரியவில்லை.